மூன்று முறை போதும் என்றேன்

கல்மன் கெண்டை மீன் விற்றான். நான் பக்கத்துக் கடையில் கேசட் வாடகைக்கு விட்டேன். இரண்டு கடைக்கும் நடுவே இருந்தது ஒரு மெல்லிய செங்கல் சுவர். மீன் வாடை அந்தச் சுவரை ஒருநாளும் மதித்ததில்லை. இஸ்ரேலில் எங்கள் யூத ஊரான பெனே பிராக்கில் எந்த வீட்டில் என் கேசட் கிடந்தாலும் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார்கள், இது பின்ஹாஸ் கடைச் சரக்கு என்று.

சரக்கு முழுக்க அற்புதங்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசும் பிரசங்கிகளின் குரலில், பதினெட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது, விமானத்தைத் தவறவிட்டவன் உயிர் பிழைத்தது, புனிதரின் கல்லறையில் அழுதவளுக்கு மறுவாரமே மாப்பிள்ளை அமைந்தது என்று எழுநூறு கேசட் வைத்திருந்தேன். அற்புதம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கல்மனின் கதை. ஆனால் அதைக் கெடுத்தவன் நான்.

கல்மனுக்கு மூக்கின் மேல் கோபம். எவளாவது வந்து, "இந்த மீன் புதுசா?" என்று கேட்டுவிட்டால் போதும். "இல்லம்மா, நோவா பேழையில எடமில்லன்னு விட்டுட்டுப் போன மீனு. வேணும்னா எடு, இல்லன்னா வழிய விடு" என்பான். ஆனால் மீன் நன்றாக இருக்கும். தொட்டியில் துள்ளும் கெண்டையை அவனைப் போல ஒரே பிடியில் பிடித்து, ஒரே அடியில் அடக்குகிறவன் எங்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. திட்டு வாங்கிக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

அவனுக்கே ஓர் அற்புதம் நடந்திருந்தது. கல்யாணமான புதிதில், ஒரு வியாழக்கிழமை, எவனோ ஒருவன் மீனை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்காமல் போய்விட்டான். கல்மனுக்குப் பொறுக்கவில்லை. கையில் கத்தியோடு தெருவுக்கு ஓடி, அவன் முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் கடையின் கூரை மொத்தமாக இறங்கிவிட்டது. கடல் மணலைக் கலந்து கட்டிய பழைய கூரை. கல்மன் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் கிடந்தது.

சப்பாத் ஓய்வு நாள் காலையில் ஜெப ஆலயத்தில் பத்துப் பேர் முன்னால் நின்று, தகுதியில்லாதவர்களுக்கும் நன்மை செய்கிறவரே என்று உயிர் தப்பியவன் சொல்லும் ஸ்தோத்திரத்தைச் சொன்னான். குரலில் நன்றியைவிடக் கர்வம்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதே நாளில் விருந்து வைப்பான். அரைத்த மீன் உருண்டை, வேகவைத்த கொண்டைக்கடலை, தொண்டையை எரிக்கும் சாராயம். அந்த விருந்தில் கூரை விழுந்த கதையைச் சொல்கிறவன் நான். வருடத்துக்கு வருடம் என் கதையில் கான்கிரீட்டின் உயரம் கூடிக்கொண்டே போனது.

"பாத்தியா பின்ஹாஸ், என்னைக் காப்பாத்துனதே என் கோபம்தான்" என்று சொல்லிச் சிரிப்பான். நாங்களும் சிரிப்போம். தலைக்கு மேலே கூரை பிளந்தும் அந்த மனிதனிடம் ஒரு நூல் அளவு மாற்றமில்லை என்பது எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. கூரை விழுந்த மறுநாளே சிமென்ட் மூட்டை கொண்டுவந்தவனைக் கன்னத்தில் அறைந்திருந்தான். அதை நான் கதையில் சேர்க்கவே மாட்டேன்.

மனைவி இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் நஃப்தலி. ஒன்பது வயதிலிருந்து அவனை வளர்த்தது கல்மன்தான். தலை சீவிவிடுவான், சட்டைக்குப் பொத்தான் தைப்பான், பள்ளிக்குக் கட்டிக்கொடுப்பான். எல்லாவற்றையும் கத்திக்கொண்டே செய்வான். அவன் பாசத்துக்கும் கோபத்துக்கும் ஒரே குரல். பையனுக்கு எது எதுவென்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எண்பத்து மூன்றாம் வருடம் நஃப்தலிக்குப் பத்தொன்பது வயது. எங்கள் புத்தாண்டுக்கு முந்தின நாள். அந்த இரவு ஒவ்வொரு வீட்டு மேசையிலும் மீன் தலை இருந்தாக வேண்டும். வருகிற வருடம் நாங்கள் வாலாக இல்லாமல் தலையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சாப்பிடுவோம். காலை ஐந்து மணிக்கே கடை வாசலில் முப்பது பெண்கள் நின்றார்கள். கல்மன் ஷட்டரைத் தூக்கினான். தொட்டியில் அத்தனை கெண்டையும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. தண்ணீருக்குக் காற்று அடிக்கும் மோட்டார் நின்றுபோயிருந்தது.

முந்தின நாள் கடையை மூடியவன் நஃப்தலி.

"மோட்டார நிறுத்திட்டுப் போனியாடா?"

"இல்லப்பா, ஓடிட்டுதான் இருந்…"

அவன் முடிக்கவில்லை. கல்மனின் ஈரக் கை அவன் கன்னத்தில் விழுந்த சத்தம் என் கடைக்குள் கேட்டது. நான் வெளியே ஓடி வந்தேன். அந்த ஓர் அடியோடு நின்றிருந்தால்கூடப் போயிருக்கும்.

"உங்கம்மா உன்னைப் பெத்ததுக்கு ஒரு கல்லைப் பெத்திருக்கலாம். துணி துவைக்கவாவது ஆயிருக்கும்!"

முப்பது பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பலர் முன்னால் ஒருவன் முகத்தை வெளிறச் செய்வதைக் கொலையோடு சேர்த்து எண்ணுகிறவர்கள் நாங்கள். நஃப்தலியின் முகம் உண்மையாகவே வெளிறியது. அடிபட்ட பக்கம் சிவப்பு, மறுபக்கம் சுண்ணாம்பு. ரப்பர் ஏப்ரனைக் கழற்றி மீன் வெட்டும் பலகையின் மேல் வைத்தான். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். போய்விட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து மின்சாரக்காரர் வந்து பார்த்தார். ஃபியூஸ் எரிந்திருந்தது. நஃப்தலி எதையும் நிறுத்தவில்லை.

கல்மன் எரிந்த ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினான். பையன் கிடைக்கவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் ஹைஃபாவில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை செய்கிறான் என்று தகவல் வந்தது.

அந்தப் புத்தாண்டின் பத்தாம் நாள் வந்த பாவமன்னிப்பு நோன்பான யோம் கிப்பூர் அன்று கல்மன் நாள் முழுக்க நின்றுகொண்டே ஜெபித்தான், உட்காரவில்லை. நோன்பு முடிந்த மறுநாள் கடை திறந்தான். பக்கத்துத் தெரு ஸீஸல் வந்து ஆரம்பித்தாள். "கல்மன், போன வாரம் குடுத்த மீனுல முள்ளு ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரர் தொண்டையில மாட்டிக்கிச்சு."

நான் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்தேன். கல்மன் வாயைத் திறந்தான், மூடினான். வலது கைச் சட்டையை மடித்துவிட்டு முழங்கைவரை தொட்டித் தண்ணீருக்குள் விட்டான். பனிக்கட்டி போட்ட தண்ணீர். மீன்கள் கையை முகர்ந்துவிட்டுப் போயின. இரண்டு நிமிடம் இருக்கும். கையை எடுத்தான். "உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படியிருக்கு? சரியாயிருச்சா?" என்று கேட்டான். ஸீஸல் பயந்தே போய்விட்டாள்.

அவள் போனதும் நான் கிண்டலடித்தேன். "என்னப்பா, கோபத்தைக் குளிப்பாட்டுறியா?"

"இந்தக் கை மரத்துப் போற வரைக்கும் வாயைத் திறக்கறதில்லன்னு வச்சிருக்கேன்" என்றான். "அடிச்சது இதுதானே."

முதல் வருடம் ஒரு நாளைக்கு இருபது தடவை கை உள்ளே போகும். தெருவே சிரித்தது. 'கல்மன் முங்கிட்டான்' என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். நானும்தான் சிரித்தேன். குளிர்காலத்தில் அந்தக் கை வெடித்துப் புண்ணாகியது. களிம்பு தடவிக்கொண்டு மறுபடியும் முங்குவான். சில நாள் தோற்றுவிடுவான். கத்திவிட்டு, பிறகு கையை விடுவான். கையை எடுத்ததும் திட்டு வாங்கியவரைத் தேடிக்கொண்டு தெருவில் ஓடுவான்.

மகன் விஷயத்துக்கு அவன் என்னிடம் வந்தான். கல்மன் சிறு வயதிலேயே மீன் தொழிலுக்கு வந்தவன். நான் ஏழு வருடம் வேதப் பள்ளியில் பெஞ்சு தேய்த்தவன். ஆகவே மதச் சட்டம் என்றால் நான்தான்.

சட்டத்தை விளக்கினேன். யோம் கிப்பூர் கடவுளுக்குச் செய்த பாவத்தைத்தான் தீர்க்கும். மனிதனுக்குச் செய்ததற்கு அந்த மனிதனிடமே போக வேண்டும். மூன்று பேரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. மூன்றாம் முறையும் மறுத்தால் கேட்டவன் விடுபட்டான்.

"என்ன சொல்லிக் கேக்கணும்?"

"'நான் உனக்குப் பாவம் செய்தேன், என்னை மன்னித்துவிடு.' அவ்வளவுதான்."

"ஃபியூஸ் பத்திச் சொல்லணுமேப்பா."

"வேண்டாம். வெளக்கம் குடுத்தா சாக்கு மாதிரி ஆயிடும்."

தலையாட்டினான். என்னை நம்பினான்.

எண்பத்து நான்கில் முதல் தடவை போனோம். கல்மன், நான், தச்சர் லேமல், சலவைக்கடை ஃபைவிஷ். ஹைஃபாவில் நஃப்தலியின் அறை மூன்றாம் மாடியில். கதவைத் திறந்தவன் தலையில், எங்களில் ஓர் ஆண் கழற்றவே கூடாத தொப்பி இல்லை. எங்கள் கறுப்புத் தொப்பிகளைப் பார்த்ததும் பழக்கத்தில் கை தானாகத் தலைக்குப் போனது. பிறகு வேண்டுமென்றே கீழே இறக்கினான். கல்மன் அந்த வாக்கியத்தைச் சொன்னான். நஃப்தலி எங்கள் மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தான். "இல்ல" என்றான். கதவு மூடியது.

அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாம் வருடம் கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"இந்தத் தடவையும் மூணு பேரா?" என்று இடுக்கு வழியாகக் கேட்டான்.

கல்மன் வாக்கியத்தைச் சொன்னான். குரல் உடைந்துவிட்டது. கதவில் கை வைத்து வேறு ஏதோ சொல்லப் போனான். நான் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். சொல்ல வேண்டியது சொல்லியாகிவிட்டது, சட்டம் நிறைவேறிவிட்டது, இனிமேல் பேசினால் அசிங்கப்படுவான் என்று எனக்குத் தோன்றியது.

"கேட்டாச்சுல்ல. போய்ட்டு வாங்க" என்றான் உள்ளே இருந்தவன்.

கீழே இறங்கியதும் நான் கல்மனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். "மூணாச்சு. இனிமே உன் மேல ஒண்ணுமில்ல. நீ விடுபட்டவன்" என்றேன். ஏதோ பரிசு கொடுப்பவன் போல அதைச் சொன்னேன். அவன் சோடாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

நான்காம் வருடம், புத்தாண்டுக்கு முன் வரும் மன்னிப்பு மாதம் பிறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், கல்மன் என் கடைக்குள் வந்தான். சப்பாத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தான்.

"ஹைஃபாவுக்குப் போறேன்" என்றான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கேக்கத்தான்."

"மூணு தடவை கேட்டாச்சுப்பா. நாலாவதுக்குச் சட்டமே இல்ல."

"பாடம் சொல்லிக்குடுத்த குருகிட்டன்னா ஆயிரம் தடவைன்னாலும் போகணும்னு நீதானே ஒருநாள் சொன்னே?"

"ஆமா, குருவுக்கு."

"மகனுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே யோசித்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். "மகனுக்குன்னு தனியா ஒண்ணும் எழுதல. எழுதலன்னா மூணுதான்."

அவன் நகரவில்லை. நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். "நீ போய்க் கேட்டு அவன் மறுபடியும் மாட்டேன்னு சொன்னா, கல் நெஞ்சுக்காரன்கற பாவம் அவனுக்குத்தான் ஏறும். உன் மகனுக்கு நீயே பாவத்தைச் சேத்து வைக்கணுமா?"

அந்த அம்பு சரியான இடத்தில் பாய்ந்தது. கோட்டுப் பொத்தானை அவிழ்த்தான்.

"அப்ப நான் என்னதான்யா செய்யறது?"

எனக்கு அதற்கும் பதில் தயாராக இருந்தது; அலமாரியில் எழுநூறு பதில் இருந்தது. "உன் பங்கு முடிஞ்சுது. இனி மேல இருக்கறவர் பங்கு. நாளையிலேர்ந்து யோம் கிப்பூர் வரைக்கும் சரியா நாப்பது நாள். ஒரு நாள் விடாம ஜெருசலேம் போய்ப் பழைய ஆலயச் சுவர்ல நின்னு கேளு. நாப்பது நாள் நின்னவங்க யாரும் வெறுங்கையோட வந்ததில்ல. அவனே உன் கடை வாசல்ல வந்து நிப்பான் பாரு."

"என் வேலையை அவர் செய்வாரா?" என்று கேட்டான் கல்மன்.

"அதுக்குப் பேருதான்டா அற்புதம்" என்றேன் நான்.

நாற்பது நாளும் போனான். தினமும் மதியம் ஒரு மணிக்குக் கடையை மூடிவிட்டு ஜெருசலேம் பஸ்; பஸ் ஓடாத சப்பாத்திலும் பண்டிகையிலும் அங்கேயே தங்கிவிடுவான். போகும்போது உட்கார இடம் கிடைக்கும், வரும்போது கிடைக்காது. ஒருநாள் காய்ச்சலோடு போனான். ஒருநாள் பஸ் பாதி வழியில் நின்றுவிட, வெயிலில் மலைப்பாதையில் நடந்து, வழியில் போன லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனான். நாற்பதாவது நாள், யோம் கிப்பூருக்கு முந்தின நாள், நோன்புக்கு முந்தைய சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தவன் நேராக என்னிடம் வந்தான்.

"வந்தானா?"

"இன்னும் நேரமிருக்கு" என்றேன்.

வரவில்லை. அடுத்த வருடமும் ஹைஃபாவுக்குப் போகவா என்று கல்மன் என்னைக் கேட்டான். அதே பதிலைச் சொன்னேன். போனிலாவது பேசவா என்றான். போனில் கேட்பது கேட்பதாகாது என்றேன். அதற்கடுத்த வருடம் அவன் கேட்கவில்லை.

ஆனால் கையை முங்குவதை மட்டும் விடவில்லை. மகன் திரும்பி வருவதற்காகத் தொடங்கினான், மகன் வராமலே தொடர்ந்தான். இருபது தடவை பத்தானது, பத்து இரண்டானது. பிறகு ஒரு காலம் வந்தது; கடைக்கு வரும் புதிய பெண்களிடம் இந்த மனிதன் கோபக்காரனாக இருந்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

தொண்ணூற்று ஒன்றில் கடைக்கு ஓர் ஆள் வைத்திருந்தான். பெயர் அர்காடி. ருஷ்யாவிலிருந்து வந்த என்ஜினீயர், ஐம்பது வயது, வந்த இடத்தில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். பெசாக் பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை, அர்காடி தொட்டி கழுவ மோட்டாரை நிறுத்தியவர் மறுபடி போட மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் அத்தனை மீனும் செத்துக் கிடந்தன. வாசலில் வரிசை. அர்காடி சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

நான் என் வாசலில் நின்று பார்த்தேன். கல்மன் தொட்டியைப் பார்த்தான். சட்டையை மடித்து, செத்த மீன்களுக்கு நடுவே கையை விட்டான். நின்றான். ரொம்ப நேரம் நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. பிறகு கையை எடுத்து, அர்காடியிடம் போய், "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். வரிசையைப் பார்த்து, "இன்னிக்கு மீன் இல்லம்மா. தப்பு என்னோடது. தினமும் வந்து பாத்திருக்கணும்" என்றான்.

நஃப்தலி அடி வாங்கிய அதே மாதிரிப் பண்டிகைக் காலைதான், அதே தொட்டிதான். அன்று போலவே முப்பது பெண்கள் இருந்தார்கள். என் கண்முன்னால் நடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய், குளத்தில் விழுந்த குழந்தை பிழைத்த கேசட்டைப் பின்னுக்குச் சுற்றி வைத்தேன், யாரோ கேட்டிருந்தார்கள். அன்று நான் ஹைஃபா பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறி, 'டேய், உங்கப்பா இன்னிக்கு என்ன செஞ்சான் தெரியுமா' என்று அந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அது தோன்றவே இல்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வருடக் கூரை விருந்தில் கதையைச் சொல்ல எழுந்தேன். கல்மன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"போதும்ப்பா. கூரை என் மேல விழல. அதுல என் வேலை என்ன இருக்கு? மறுநாளே ஒருத்தனை அறைஞ்சவன் நான்" என்றான். "இந்த விருந்தை இனிமே வைக்க வேணாம்."

நான் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

தொண்ணூற்று எட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மீன் லாரியிலிருந்து கூடையை இறக்கும்போது கல்மன் சரிந்து உட்கார்ந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

நஃப்தலி வந்தான். சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, ஏழு நாள் துக்கத்துக்குத் தாழ்ந்த முக்காலியில் தனியாக உட்கார்ந்தான். முப்பத்து நான்கு வயதில் முன்தலை நரைத்திருந்தது. மூன்றாம் நாள் நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"மனசைப் போட்டு வருத்திக்காதப்பா. உங்கப்பா மூணு தடவை கேட்டாரு. சட்டப்படி அவர் கணக்குத் தீந்துபோச்சு. அவர் நிம்மதியாத்தான் போயிருப்பாரு."

"மூணு தடவை" என்றான் அவன். "தெரியும் மாமா. சட்டத்துல மூணுன்னு இருக்கு, அதனால வந்தாரு. மூணு பேரோட வரணும்னு இருக்கு, அதனால நீங்க வந்தீங்க. மூணு தடவையும் ஒரே வாக்கியம். அவர் பேச்சே இல்ல அது, யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி."

கிழிந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தொடர்ந்தான்.

"நாலாவது தடவைக்கு எந்தப் புஸ்தகமும் கிடையாது. அதுல வந்தா அவரா வந்ததா இருக்கும்னு நெனச்சேன். அந்த வருஷம் மன்னிப்பு மாசம் பொறந்ததுலேர்ந்து சாயங்கால வேலையே எடுத்துக்கல. மத்தியானத்துலேர்ந்து வீட்லயே இருப்பேன். கதவைக்கூடப் பூட்டல." சிரிக்க முயன்றான். "மூணோட நிறுத்திட்டாரு. சரி, கடமைக்குத்தான் வந்திருக்காருன்னு விட்டுட்டேன்."

அதே நாற்பது நாள். மதியத்திலிருந்து மகன் ஹைஃபாவில் பூட்டாத கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்; அப்பன் ஜெருசலேமில் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். நடுவில் நின்றவன் நான்.

சொல்லியிருக்கலாம். 'உங்கப்பா கிளம்பினார், கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார், நான்தான் தடுத்தேன்' என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். வீட்டில் ஆள் நிறைய இருந்தார்கள். லேமல் இருந்தார், ஃபைவிஷ் இருந்தார். எல்லோருக்கும் நான் சட்டம் தெரிந்தவன். வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கல்மனைக் கடமைக்காரன் என்று மகன் நினைத்துக்கொண்டிருக்க, அதை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வருடம் அதோடு இருந்தேன். கேசட் கடையை மூடினேன். சிடி வந்துவிட்டது என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

முதல் நினைவு நாள் வந்தது. செத்தவனுக்குப் பாவம் செய்தவன் பத்துப் பேரைக் கல்லறைக்குக் கூட்டிப் போய் அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எங்களிடம் முறை இருக்கிறது. நஃப்தலி தகப்பனுக்காக ஜெபம் சொல்லவும் பத்துப் பேர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வேன் பிடித்துப் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போனேன். பாருங்கள், அப்போதும் எனக்கு முறைதான் முக்கியமாக இருந்தது.

ஹைஃபாவிலிருந்து நஃப்தலி வந்திருந்தான், தலையில் தொப்பியோடு. ஜெபத்தைச் சொல்லி முடித்தான். நான் ஷூவைக் கழற்றிவிட்டுக் கல்லறை முன்னால் நின்றேன். "இஸ்ரவேலின் கடவுளுக்கும் இங்கே கிடக்கும் கல்மனுக்கும் நான் பாவம் செய்தேன்" என்றேன். பத்துப் பேரும் ஒரே குரலில், "மன்னிக்கப்பட்டாய், மன்னிக்கப்பட்டாய், மன்னிக்கப்பட்டாய்" என்றார்கள். என்ன பாவம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எதற்கு என்று தெரியாமலே மூன்று முறை மன்னித்துவிட்டு, ஃபைவிஷ் கடிகாரத்தைப் பார்த்தார்.

நஃப்தலி மட்டும் கேட்டான். "என்ன செஞ்சீங்க மாமா?"

சொன்னேன். அவன் அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியதைச் சொன்னேன். 'குருவுக்கு ஆயிரம், மகனுக்கு?' என்று கல்மன் கேட்டதைச் சொன்னேன். ஃபியூஸைப் பற்றிப் பேச விடாததைச் சொன்னேன். நாற்பது நாளைச் சொன்னேன். தொட்டியில் கை விட்டதை, அர்காடியிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கல்லறையின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டான்.

"நாப்பது நாளும் போனாரா?"

"ஒரு நாள் விடல."

"ஃபியூஸ்தான்னு அவருக்குத் தெரியுமா?"

"நீ போன ஒரு மணி நேரத்துல தெரியும். கையில எடுத்துக்கிட்டு உன்னைத் தேடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்."

அவன் கையை எடுத்தான். பிறகு எனக்குப் பின்னால் நின்ற பத்துப் பேரையும் பார்த்தான். பதினைந்து வருடத்துக்கு முன் கதவில் நின்று எங்களைப் பார்த்த அதே பார்வை.

"எங்கிட்டயும் மன்னிப்புக் கேக்கப் போறீங்களா?"

"ஆமாப்பா."

"அப்ப இவங்களை அனுப்பிடுங்க. அப்புறம் கேளுங்க."

பத்துப் பேரையும் வாசலுக்கு அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். நானும் அவனும் நின்றோம். என் வாயில் அந்த வாக்கியம்தான் வந்தது, கல்மனுக்கு நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம். அதை விழுங்கினேன். அதை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு வார்த்தை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அறுபது வயது ஆள், வெறும் சாக்ஸோடு நின்றுகொண்டு, "உங்கப்பன் உன்னைப் பாக்கக் கெளம்புனான்டா, நான் பாவி விடல, நான் விடல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன்.

கல்லறைக்கு வருகிறவர்கள் எங்களிடம் வைப்பது போல நஃப்தலி ஒரு கூழாங்கல்லைக் குனிந்து எடுத்து அவன் அப்பா பெயரின் மேல் வைத்துவிட்டு நடந்தான். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

அதன் பிறகு ஹைஃபாவுக்கு நான் தனியாகத்தான் போகிறேன். கதவைத் திறக்கிறான், உட்காரச் சொல்கிறான், தேநீர் கொடுக்கிறான். அப்பாவைப் பற்றிக் கேட்கிறான், சொல்கிறேன். மன்னித்தேன் என்று இதுவரை சொல்லவில்லை. எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று நீங்கள் கேட்டால் எனக்குத் தெரியாது.